பன்றிதானே என்று சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வட்டையில் காணி வைத்திருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். காணி இல்லாதவர்களும் வாசியுங்கள். வாய்வெடிக்குக் காணி உறுதி வாசிக்கத் தெரியாது.

போன வாரம் ஊருக்கு மேற்கே உள்ள வட்டையொன்றில் ஒரு பசுமாட்டின் கீழ்த்தாடை பறந்துவிட்டது. வரம்போரம் கிடந்த பூசணித் துண்டைக் கடித்திருக்கிறது. பால் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தாயின் மாடு. சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள் பார்க்கும்போது அது விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. மிருக வைத்தியர் வந்தார். அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அதாவது எல்லோருக்கும் தெரியும்.

இதைப் பற்றி ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நாலு வரி எழுதினேன். "பண்டிக்கு வெச்சது சேர், மாடு திண்டா என்ன செய்யிற" என்றார் ஒருவர். "எல்லாம் தக்தீர்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் மரியாதையாக, "சேர் பள்ளிக்கூடத்தப் பாருங்க, வேளாண்மைய நாங்க பாக்குறம்" என்றார். கடைசியில் ஒரு ஹாஜியார் வந்து விவாதத்தை முடித்து வைத்தார்: "பண்டிதானே, உடுங்க."

மூன்றாமவருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதால்தான் எழுதுகிறேன். மாரி வேளாண்மை குடலையில் நிற்கும் நாட்களில் என் வகுப்பின் பின்வரிசை ஆண்பிள்ளைகள் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துவிடுவார்கள். நான் எழுப்புவதில்லை. வாப்பாவோடு வாடியில் விடிய விடியத் தகரம் தட்டிவிட்டுக் குளித்து வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையை எந்த மனதோடு எழுப்புவது? அந்தப் பிள்ளைகள் நடந்து போகிற வரம்பில்தான் நீங்கள் பூசணித் துண்டு போடுகிறீர்கள். அதனால் இது என்னுடைய பாடவிதானத்துக்குள்தான் வருகிறது.

பன்றி செய்கிற அநியாயத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. கொழும்பில் இருந்துகொண்டு "விவசாயிகள் கொலைகாரர்கள்" என்று படம் போடுகிறவர்கள் ஒரே ஒரு இரவு வாடியில் வந்து படுத்துப் பார்க்க வேண்டும். பால் பிடிக்கிற பருவத்தில் ஒரு கூட்டம் வயலுக்குள் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதிப்பதும் புரள்வதும்தான் அதிகம். மண்புழுவுக்கும் நண்டுக்கும் வரம்பைக் கிண்டிவிடும். வரம்பு உடைந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் பன்றி காலே வைக்காத அடுத்த வயலும் காயும். மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டவனின் கதை இன்னும் மோசம். காலையில் போய்ப் பார்த்தால் யாரோ உழவு மிசின் ஓட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். 2021இல் உரத்தை நிறுத்தியதிலிருந்து எழும்ப முடியாமல் இருக்கிற சனம் இது. மனைவியின் நகை வங்கியில் இருக்கிறது. அந்த மனிதன் விடியற்காலை வயலைப் பார்த்துவிட்டு வெடி வைக்க நினைத்தால் அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது.

கோபம் விளங்குகிறது. வெடி விளங்கவில்லை.

ஏனென்றால் வாய்வெடி என்பது பன்றிக்கு வைக்கிற பொறி இல்லை. சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் என்கிறார்களே, அதன் செய்முறையை நான் இங்கே எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெடிமருந்தும் கல்லும் சேர்ந்த ஓர் உருண்டையைப் பூசணிக்குள், வெள்ளரிக்குள், சில வேளை கருவாட்டுக்குள் ஒளித்து வைப்பது. கடித்தால் வெடிக்கும். யார் கடித்தாலும். பன்றிக்கு என்று பெயர் எழுதி வைக்க முடியாது. பூசணியும் வெள்ளரியும் யானை விரும்பித் தின்பவை. மாடு விரும்பித் தின்பது. கருவாட்டுக்கு நாய் வரும், நரி வரும். சின்னப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கும்.

இந்த நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அதே ஆண்டில் யானை அடித்துச் செத்த மனிதர்கள் 150க்கு மேல். யானைச் சாவுகளுக்கான காரணங்களில் பல வருடங்களாகத் துவக்குச் சூட்டோடு போட்டி போட்டு முன்வரிசையில் நிற்பது இந்த வாய்வெடி. சாவதில் பெரும்பாலானவை குட்டிகளும் இளம் யானைகளும். பெரிய யானை அனுபவசாலி, குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், எங்கள் பிள்ளைகளைப் போலத்தான். வெடித்த உடனே சாவதுமில்லை. நாக்கும் தாடையும் சிதைந்து, தின்ன முடியாமல், புண்ணில் புழு வைத்து, நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில் குளக்கரையில் நிற்கும். தண்ணீருக்குள் வாயை வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் மாவட்டத்துக் குளங்களில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள்.

மலைநாட்டில் வெடிக்குப் பதிலாகச் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம், கொரோனாவுக்கு நாடு பூட்டியிருந்த நேரம், நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டமொன்றில் பன்றிக்குக் கட்டிய கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்று நாளில் செத்துப்போனது. கருஞ்சிறுத்தை இலங்கையில் எவ்வளவு அபூர்வம் என்பதை விடுங்கள். காட்டுப்பன்றியைப் பிடித்துத் தின்னக்கூடிய விலங்கு இந்த நாட்டில் சிறுத்தையை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. பன்றியைக் குறைக்கக் கட்டிய கம்பியில் பன்றியைக் குறைக்கிறவனைக் கொன்றுவிட்டோம்.

பிறகு கரண்ட் கம்பி. வீட்டு மின்சாரத்தை நேரடியாக எடுத்து வயலைச் சுற்றிவிடுவது. பத்திரிகையில் மாதம் ஒரு செய்தியாவது வருகிறது: தண்ணீர் கட்டப் போனவர் பலி, பக்கத்து வயல்காரர் பலி, சில இடங்களில் கம்பியைக் கட்டியவரே பலி. அந்த ஜனாஸாக்களுக்கும் போய் நிற்கிறோம். அங்கேயும் தக்தீர் என்கிறோம். தக்தீர் என்பது ஈமானுடைய ஒரு பகுதி சகோதரர்களே, கவனயீனத்துக்கு எடுத்து வைத்த காப்புறுதி இல்லை.

இனி நம்முடைய வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம்மில் பெரும்பாலானோர் வெடியைக் கையால் தொடுவதே இல்லை. அது எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்த இரகசியம். வெளியூரிலிருந்து ஒரு மனிதர் வருவார். ஏழை. போடியாரோடு பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்: வயல் எனக்கு, பன்றி உனக்கு. அவர் வெடி வைப்பார், விழுந்ததை எடுத்துக்கொண்டு போவார், இறைச்சியை விற்பார். போடியாருக்கு ஒரு சதம் செலவில்லை, கையில் நஜீஸ் படவில்லை, இறைச்சியின் காசும் அவருடைய வீட்டுக்குள் வரவில்லை. மார்க்கப்படி எல்லாம் சுத்தம் என்ற நினைப்பு. பொலிஸ் பிடித்தால் உள்ளே போவது அந்த ஏழை. போடியார் ஜும்ஆவில் முதல் சஃப்பில்.

பன்றியின் இறைச்சி ஹராம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இறைச்சி ஹராம் என்பதிலிருந்து "அதை எப்படியும் கொல்லலாம், அதைக் கொல்லப்போய் வேறு எது செத்தாலும் பொறுப்பில்லை" என்ற முடிவுக்கு எந்தக் கிதாபில் பாதை இருக்கிறது? ஷாபிஈ மத்ஹபில் பன்றியின் நஜீஸ் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. சிறு வயதில் மத்ரஸாவில் எல்லோரும் படித்தது. அது கை கழுவுகிற சட்டம். பொறுப்பைக் கை கழுவுகிற சட்டம் இல்லை.

அதே பிக்ஹுக் கிதாபுகளில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை நாம் சௌகரியமாகத் தாண்டிப் போகிறோம். மக்கள் நடக்கிற பாதையில் ஒருவன் குழி தோண்டி, அதில் இன்னொருவனோ அவனுடைய கால்நடையோ விழுந்தால், தோண்டியவன் பொறுப்பாளி. அவனுக்கு அந்த மனிதன் மீது பகை இருந்ததா, அந்த மாட்டைக் கொல்ல நினைத்தானா என்று அங்கே கேட்கப்படுவதில்லை. குழி தோண்டினாயா? தோண்டினாய். நட்டத்தைக் கொடு. வரம்பில் போட்ட பூசணித் துண்டு குழியை விட மோசம். குழி கண்ணுக்காவது தெரியும். ஆக அந்தத் தாயின் மாட்டுக்கு இன்றைக்கு என்ன விலையோ அது ஒருவருடைய கழுத்தில் கடனாகத் தொங்குகிறது. தொழுகையாலும் ஹஜ்ஜாலும் அடைபடாத வகைக் கடன், அடியானுக்கு அடியான் கொடுக்க வேண்டியது. ஆள் வைத்து வைத்திருந்தால் அவருக்கு மட்டும்தான் கடன் என்று நினைக்கிறவர்கள் ஒரு நல்ல ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

கொல்வதற்கே அனுமதி உள்ள இடத்திலும் அழகாகக் கொல் என்பது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் கட்டளை. கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் இது. தீயால் வேதனை செய்வதைத் தடுத்த மார்க்கம், அதுவும் எறும்புப் புற்றை எரித்த சந்தர்ப்பத்தில். பயிரை அழிக்கிற பன்றியைக் கொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுடுங்கள், பிடியுங்கள். ஆனால் வாயைப் பிளந்துவிட்டுப் பத்து நாள் அலையவிடுவதற்கு பன்றி என்றாலும் அனுமதி இல்லை. ஹின்ஸீர் என்று பெயரை அரபியில் சொல்வதால் அதன் தாடை வலிக்காமல் போகாது.

மார்க்கம் போதாது, இலாபம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. வெடி வைத்து எத்தனை போகமாகிறது? பன்றி குறைந்ததா?

குறையாது. பன்றி தனியாக வாழ்கிற விலங்கில்லை. பெரிய ஆண் பன்றிதான் தனியன். மற்றவை தாய்ப்பன்றிகளும் குட்டிகளுமாகக் கூட்டம். ஒரு ஈற்றுக்கு நான்கு, ஐந்து, ஆறு குட்டிகள். கூட்டத்தில் ஒன்று வெடித்துச் செத்தால் மற்றவை கலைந்து ஓடும், ஆனால் ஊரை விட்டுப் போகாது. மூக்கால் உலகத்தைப் படிக்கிற விலங்கு அது. அடுத்த தடவை அந்த வாடையைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் இறங்கும். நீங்கள் ஒரு பன்றியைக் கொன்று பத்துப் பன்றிக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நானும் பாடம் நடத்துகிறவன்தான், இவ்வளவு கவனமான மாணவர்கள் எனக்குக் கிடைப்பதில்லை.

துவக்கு மட்டும் கொடுத்தால் போதும், ஒரே வருடத்தில் முடித்துவிடுவோம் என்று சொல்கிறவர்கள் அமெரிக்காவின் டெக்ஸாஸைப் பார்க்கட்டும். உலகத்தில் துவக்குக்குப் பஞ்சமில்லாத இடம் அது. அங்கே மான் வேட்டைக்கென்று காணிகளைப் பருவத்துக்குக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். மானை வரவழைக்கச் சோளம் கொட்டி வைக்கிறார்கள். சோளத்துக்கு மானை விடப் பன்றிதான் முதலில் வருகிறது. குத்தகைக்காரர்கள் இரவு பகலாகச் சுடுகிறார்கள். 2011இல் ஹெலிகொப்டரில் பறந்து சுடுவதற்கே சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அங்கே பன்றிகள் 20 இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் தொகை கூடாமலாவது நிற்கும் என்பது அங்குள்ள பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்கு. மிசூரி மாநிலம் வேறு வழியில் போனது. 2016இல் தன்னுடைய பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. சுடுகிறவர்கள் கூட்டத்தைக் கலைத்துவிடுவதால் கூட்டத்தோடு பிடிக்கிற வேலை கெட்டுப்போகிறது என்பதுதான் காரணம். பெரிய வட்டக் கூடு அடித்து, கதவைத் திறந்து வைத்து, பல இரவு சும்மா இரை போட்டுப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்த இரவில் மட்டும் கதவை விழுத்துகிறார்கள். பொறுமையான வேலை.

அங்கே பன்றி மனிதன் கொண்டுவந்து விட்ட விலங்கு, இங்கே அது ஆதியிலிருந்தே இந்தக் காட்டினுடையது. அதனால் முழுதாக ஒழிப்பது எங்கள் நோக்கமாக இருக்கவும் முடியாது, இருக்கவும் கூடாது. வயலுக்குள் வராமல் தடுப்பது, வந்து பழகிய கூட்டத்தை அகற்றுவது, இந்த இரண்டும்தான் வேலை.

தடுப்பதற்கு வழி இல்லையா? இருக்கிறது. தனித்தனியாகச் செய்தால் எதுவும் சரிவராது, அதுதான் எங்கள் நோய். ஒருவர் பழைய சாறிகளைக் கட்டி வேலி போடுவார். இரண்டு வாரம் பன்றி பயப்படும், மூன்றாவது வாரம் அதைக் கிழித்துக்கொண்டு வரும். ஒருவர் மட்டும் காவல் இருந்தால் பன்றி அடுத்தவர் வயலுக்குப் போகும். யானை வேலி இருக்கிறதே என்பார்கள். யானைக்குக் கட்டிய கம்பி உயரத்தில் இருக்கிறது, பன்றி குனியவும் தேவையில்லாமல் அடியால் நடந்து போகிறது. பன்றிக்குத் தரையிலிருந்து ஒரு சாணில் ஒரு கம்பி, இரண்டு சாணில் ஒரு கம்பி வேண்டும். சூரிய சக்தியில் விட்டு விட்டு அடிக்கிற, ஆளைக் கொல்லாத, முறையான மின்வேலி. கம்பியில் புல் முட்டினால் மின்சாரம் தரையில் போய்விடும், கிழமைக்கு ஒரு தடவை புல் வெட்ட வேண்டும். நூறு ஏக்கர் வட்டை முழுவதற்கும் ஒரே வேலி என்றால் ஒருவருக்கு வருகிற செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தன்னுடைய இரண்டு ஏக்கரை மட்டும் சுற்ற நினைப்பவருக்குத்தான் அது எட்டாத செலவு.

நாய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாய் என்றாலே நாம் எட்ட நிற்கிறோம். ஆனால் வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலத்துக்கும் நாய் வைத்திருப்பதற்கு ஹதீஸிலேயே விதிவிலக்கு இருக்கிறது. விளைநிலத்துக்கு! எங்கள் வட்டைகளுக்கென்றே சொன்ன மாதிரி. வாடிக்கு இரண்டு நல்ல நாய், வீட்டுக்குள் இல்லை, வாடிக்கு. பன்றி வருவதை மனிதனுக்கு அரை மணித்தியாலம் முன்னால் சொல்லும். அனுமதிக்கப்பட்ட நாயை வைக்கமாட்டோம், அனுமதியில்லாத வெடியை வைப்போம். இது என்ன பேணுதல் என்று எனக்கு விளங்கவில்லை.

வெடி பற்றி இன்னும் ஒன்று. இதைப் பொதுவெளியில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் யார் எழுதுவது? 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் ஊர்களில் வீடு வீடாக நடந்த தேடுதல் உங்களுக்கு மறந்திருக்காது. சமையலறைக் கத்திக்கும் விளக்கம் சொன்ன காலம். அந்த நாட்டில், அந்தப் பெயர்களோடு வாழ்ந்துகொண்டு, நம்முடைய வாடிக்குள் வெடிமருந்து உருண்டை இருக்க இடம் கொடுக்கிறோம். பன்றிக்கு வைத்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்கு யார் கேட்பார்கள்? வெடிபொருட்கள் சட்டத்தில் "பன்றிக்கு மட்டும்" என்று ஒரு வாசகம் கிடையாது. பிள்ளை குட்டிக்காரர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

துவக்கு அனுமதி கேட்டுப் போனால் நடக்கிற அலைச்சலும் எனக்குத் தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிற நடைமுறை நாட்டில் இருக்கிறது. நம் பெயரோடு அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பது எப்படி என்பது போய் நின்றவருக்குத்தான் தெரியும். தனி ஆளாக ஒருவர் கேட்டால் இழுத்தடிப்பார்கள். விவசாய அமைப்பு மூலமாக, வட்டைக்கு ஒருவர் அல்லது இருவர், பொலிஸுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் பெயர் தெரிந்த ஆட்களாகக் கேட்டால் மறுப்பது கஷ்டம். இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் வைத்திருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

அரசாங்கத்தை விட்டுவிட்டு விவசாயியை மட்டும் ஏசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குர்ஆனில் சூரத்துல் அன்பியாவில் தாவூத் நபியும் சுலைமான் நபியும் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு வருகிறது. இரவில் ஆட்டு மந்தை ஒருவருடைய விளைநிலத்தில் இறங்கிவிட்டது. பயிர்ச் சேதம்தான் வழக்கு. எங்கள் வழக்கேதான். சுலைமான் நபியின் தீர்ப்பைத் தப்ஸீர்களில் இப்படிப் படிக்கிறோம்: மந்தைக்காரன் நிலத்தைத் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதுவரைக்கும் நிலத்துக்காரன் மந்தையின் பயனை அனுபவிக்கலாம். தோட்டத்தைப் பகலில் காப்பது தோட்டக்காரன் பொறுப்பு, இரவில் கால்நடை செய்கிற சேதத்துக்குக் கால்நடைக்காரன் பொறுப்பு என்று ஹதீஸிலும் வருகிறது. இரவில் வந்து மேய்கிற காட்டுப்பன்றிக்கு மந்தைக்காரன் யார்? காடு யாருடையது? காட்டுக்குள் ஒரு தடி வெட்டினால் எங்களைப் பிடிக்கிறதே, அந்தக் கை யாருடையதோ அவர்தான் மந்தைக்காரர். சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, திணைக்களம் இருக்கிறது. யானை மிதித்தாலாவது நட்டஈட்டுக்கு ஒரு படிவம் நிரப்புகிறோம். பன்றி அழித்ததற்கு நட்டஈடு கைக்கு வந்த ஒருவரை எங்கள் வட்டையில் நான் இன்னும் காணவில்லை.

அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைப்பது வேடிக்கை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக ஒரு கதை. அது நீதிமன்றத்தில் போய் நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை பயிரை அழிக்கிற விலங்குகளை நாடு முழுக்க எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடம். 

எங்கள் பக்கத்துக் குப்பையும் இருக்கிறது. 2022 ஜனவரியில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்கிற படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தக் குப்பை எங்கள் கரையோர ஊர்களினுடையது, எங்கள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மிச்சம் உட்பட. யானை தேடி வருகிற சாப்பாட்டுக்குப் பன்றி வராதா? காட்டோரம் சோறு கொட்டி வளர்த்துவிட்டு வயலோரம் வெடி வைக்கிறோம்.

அடுத்த மாரிக்கு ஆரம்பக் கூட்டம் வருகிறது. போன தடவைகளில் போனவர்களுக்குத் தெரியும், தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, மாடுகளை அகற்றும் திகதி, வேலி அடைக்கும் திகதி எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அந்தத் தீர்மானத்தை மீறினால் வழக்குப் போடலாம். மாட்டுக்காரனை வட்டைக்குள் வராதே என்று தடுக்க அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதே கூட்டத்தில் வாய்வெடிக்கும் நேரடிக் கரண்டுக்கும் எதிராக ஒரு வரி போடுவதற்கு என்ன தடை?

நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். எந்த வயலில் வாய்வெடியோ நேரடி மின்கம்பியோ கண்டாலும் வட்டவிதானை விவசாய அமைப்புக்கு அறிவிக்க வேண்டும், வைத்தவர் யாராக இருந்தாலும் காணிக்காரர் பொறுப்பு. கால்நடை செத்தால் காணிக்காரர் விலை கொடுக்க வேண்டும். வட்டை முழுவதற்கும் ஒரே மின்வேலி, ஏக்கர் கணக்கில் பங்கு, போடியாருக்கும் குத்தகைக்காரருக்கும் எப்படிப் பிரிப்பது என்று கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும். முறை வைத்த இரவுக் காவல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் சேர்க்கக் கூடாது. இரண்டு கூடு செய்ய அமைப்பின் நிதியிலிருந்து காசு, பிடிபட்டதை என்ன செய்வது என்று திணைக்களத்தை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேச வேண்டும். நட்டஈட்டுக் கோரிக்கை தனிக் கடிதமாகப் பிரதேச செயலாளருக்கு.

போடியார் தரப்பிலிருந்து இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் வட்ஸ்அப்பில் என்னோடு சண்டை பிடித்தவர். மாட்டுக்காரத் தாய்க்கு ஒரு தொகை சேர்க்கிறோம். வெடி வைத்தவர் பெயர் சொல்லாமல் அதில் போட்டாலும் வாங்கிக்கொள்வோம், யார் என்று கேட்கமாட்டோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் கடிதத்தோடு இருப்பேன். காணி இலக்கம் தெரிந்தவர்கள் குறித்துக்கொண்டு வாருங்கள்.